லித்தியம்-11 சைஸ எப்படி அளந்தாங்க? வைவால சொன்னேன், தப்புன்னுட்டாங்க

பாலாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், வேலூர் பக்கம் ஒரு காலேஜ், பேர் வேணாம். போன வாரம் வைவா. அணுக்கருவோட ஆரம் எப்படி மாறும்னு கேட்டாங்க, நிறை எண்ணோட கன மூலத்துக்கு நேர் விகிதம், 1.2 ஃபெர்மியால (ஃபெர்மின்னா மீட்டர ஒண்ணுக்கு அப்பறம் 15 சைபர் போட்ட எண்ணால வகுத்தது) பெருக்கணும்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருந்தா பிரச்சன இல்ல. ஆனா லித்தியம்-11 (3 புரோட்டான், 8 நியூட்ரான்) மாதிரி கருக்கள்ல இந்த ஃபார்முலா வேலைக்கு ஆவாதுன்னும் சேத்து சொன்னேன். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர், அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது, எல்லா கருவுக்கும் அடர்த்தி ஒண்ணுதான், போய் படிச்சிட்டு வான்னுட்டார். மார்க் போனது கூட பரவால்ல, அது எப்படின்னு திருப்பி கேட்டப்ப எனக்கு விளக்கத் தெரியல, அதான் மனசுல குத்துது. ஒரு நொடில நூறுல ஒரு பங்கு கூட உசுரோட இருக்காத ஒரு கருவ எப்படி அளந்தாங்க? ஸ்கேல் வைக்க முடியாது, டார்கெட்டா செஞ்சு வச்சு எலக்ட்ரான அடிக்கவும் முடியாது. தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க, கணக்கோட சொன்னா இன்னும் நல்லது.

ஆம்பூர் ரயிலடி:
எனக்கு ஃபிசிக்ஸ் பன்னண்டாவதோட முடிஞ்சிது ஆனா ஆர்வம் உண்டு, இந்த இழைய ஃபாலோ பண்ணிகினு இருப்பேன். தங்கச்சி கேட்ட கேள்விதான் எனக்கும். பதில் சொல்றவங்க எங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுங்கபா.

குடியாத்தம் தறி:
தங்கச்சி நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த ஃபார்முலா நிலையான கருக்களுக்கு அழகா பொருந்தும், ஆனா நியூட்ரான் அதிகமா போய் ஓரத்துல தொங்கிகினு இருக்கற கருவுக்கு பொருந்தாது. 1985லயே இது வெளிய வந்துடுச்சு. அமெரிக்கால பெர்க்லில பெவலாக்னு ஒரு ஆக்சிலரேட்டர் இருந்துச்சு, இசாவோ தனிஹாட்டாவும் அவர் கூட இருந்தவங்களும் அங்கதான் செஞ்சாங்க. நான் பி.எச்டி. பண்ணசொல்ல இதே வகை அளவீட்டுல வெளிநாட்டுல ஒரு லேப்ல ஷிஃப்ட் பாத்துருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல யோசனை. கருவ டார்கெட்டா வைக்க முடியலையா, சரி, அதையே குண்டா ஆக்கிடு. கார்பன் தகடு ஒண்ண வச்சு அது மேல லித்தியம்-11 கருக்கள ஒண்ணொண்ணா எண்ணி உள்ள அனுப்பு. அந்தப் பக்கம் எத்தன லித்தியம்-11 அப்படியே முழுசா வெளிய வருதுன்னு எண்ணு. வராததெல்லாம் உள்ள எதுலயாவது மோதி ஒடஞ்சிருக்கு. பெரிய சைஸ் கரு அதிகமா மோதும், சின்னது நழுவி வந்துடும். இவ்ளோதான்பா மொத்த விஷயமும். நேரா சைஸ பாக்கல, வராம போனத எண்ணி சைஸ கண்டுபிடிக்கறோம்.

ஆயுச பத்தி கேட்ட இல்ல. லித்தியம்-11க்கு அரை ஆயுள் 8.75 மில்லிசெகண்ட். நமக்கு அது கண்ண மூடித் தொறக்கற நேரம் கூட இல்ல. ஆனா அது போற வேகம் ஒளி வேகத்துல 84 சதவீதம், ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டானோ நியூட்ரானோ ஒண்ணுக்கு) 790 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அந்த வேகத்துல 8.75 மில்லிசெகண்ட்ல 2200 கிலோமீட்டர் போவும், காட்பாடில கெளம்பினா டெல்லியத் தாண்டிடும். லேப்ல அது ஓட வேண்டிய தூரம் சில பத்து மீட்டர். 50 மீட்டர்னு வச்சுக்கோ, 200 நானோசெகண்ட் கூட ஆவாது. அதனால தானா சிதைஞ்சு காணாம போறது கணக்குலயே வராது.

இப்ப எண்ணு:
ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிராம் கனமுள்ள கார்பன் தகடுன்னு எடுத்துக்கறேன், கணக்குக்கு சொகமா இருக்கும். அதுல சதுர செ.மீ.க்கு 1ஐத் தொடர்ந்து 23 சைபர் போட்ட அளவு அணு இருக்கும். லித்தியம்-9க்கு கார்பன் மேல மோதல் குறுக்குவெட்டு, அதாவது மோதலுக்குக் கெடைக்கற பரப்பு, 796 மில்லிபார்ன். லித்தியம்-11க்கு, பின்னால இன்னும் துல்லியமா எடுத்தப்ப, 1060 மில்லிபார்ன். பத்தாயிரம் லித்தியம்-9 அனுப்பினா சுமார் 9230 முழுசா வரும், பத்தாயிரம் லித்தியம்-11 அனுப்பினா சுமார் 8990தான் வரும். இந்த 240 வித்தியாசத்துலதான் அம்மாம் பெரிய கண்டுபிடிப்பும் ஒளிஞ்சிருந்துச்சு.

உன் எக்ஸாமினர் ஃபார்முலாவையும் போட்டுப் பாத்துடலாம். குறுக்குவெட்ட, ரெண்டு ஆரத்தையும் கூட்டி வர்ற வட்டத்தோட பரப்பா நெனச்சுக்கோ. 1 சதுர ஃபெர்மின்னா 10 மில்லிபார்ன். 796ன்னா 79.6 சதுர ஃபெர்மி, பையால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 5.03 ஃபெர்மி. அதுல கார்பனோட பங்கு 2.61, மீதி 2.42 லித்தியம்-9. ரெண்டு நியூட்ரான் சேந்தா கன மூல ஃபார்முலா படி 7 சதவீதம்தான் வளரணும், 2.59 ஆவும். அப்ப லித்தியம்-11க்கு குறுக்குவெட்டு 850 பக்கம் வந்திருக்கணும். வந்தது 1060. வெறும் ரெண்டே ரெண்டு நியூட்ரான் சேந்ததுக்கு இவ்ளோ உப்பல்.

ஆம்பூர் ரயிலடி:
அண்ணே பார்ன்னா இன்னா அளவு? எங்கயோ கேட்ட மாதிரி கீது.

குடியாத்தம் தறி:
பார்ன்னா இங்கிலீஷ்ல தானியம் போட்டு வைக்கற கொட்டாய். 1942ல அமெரிக்கால பர்டியூ யுனிவர்சிட்டில ரெண்டு பேர் வச்ச பேர், நியூட்ரானுக்கு யுரேனியம் கரு கொட்டாய் மாதிரி பெருசா தெரியுதுன்னு. சதுர சென்டிமீட்டர ஒண்ணுக்கு அப்பறம் 24 சைபர் போட்ட எண்ணால வகுத்தா ஒரு பார்ன். அதுல ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிபார்ன்.

பாலாத்தங்கரை:
அண்ணா ரொம்ப நன்றி, நோட்ல எழுதி வச்சு நானே ஒரு தடவ போட்டுப் பாத்துட்டேன், சரியா வருது. ஒரு சந்தேகம். வர்றது லித்தியம்-11தான்னு எப்படி தெரியும்? பீம்ல வேற கரு கலந்து வராதா?

குடியாத்தம் தறி:
கலந்துதான் வரும், நல்ல கேள்வி. பெரிய கருவ ஒண்ண எடுத்து பெரிலியம் மாதிரி தகட்டுல மோதி ஒடைக்கறாங்க, தூள் தூளா எல்லா துண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துல முன்னாடி பறக்கும். அதுல லித்தியம்-11 ரொம்ப கொஞ்சம். காந்தம் மொதல்ல வடிகட்டும், ஆனா காந்தத்துக்கு தெரியறது நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதம் மட்டும்தான். ஹீலியம்-6 இருக்குது, லித்தியம்-9 இருக்குது, பெரிலியம்-12 இருக்குது, மூணுக்கும் அந்த விகிதம் 3தான். காந்தத்துக்கு மூணும் ஒரே ஆள். பறக்கற நேரத்த அளந்தாலும் மூணும் ஒண்ணாத்தான் வரும். அதனால ஒரு மெல்லிசான டிடெக்டர்ல எவ்ளோ எனர்ஜிய விட்டுட்டுப் போவுதுன்னு பாக்கணும், அது மின்சுமையோட வர்க்கத்தப் பொறுத்தது. ஹீலியம் 4 பங்கு விடும், லித்தியம் 9 பங்கு, பெரிலியம் 16 பங்கு. அப்ப தனித்தனியா பிரிஞ்சிடும்.

ஷிஃப்ட்ல உக்காந்தா நம்ம முன்னாடி ஸ்க்ரீன்ல ஒரு கட்டம் இருக்கும், குறுக்க பறந்த நேரம், நெடுக்க விட்ட எனர்ஜி. ஒவ்வொரு கரு வரும்போதும் ஒரு புள்ளி விழும். மார்கழில எங்க தெருவுல வாசல்ல புள்ளி வைப்பாங்களே அது மாதிரி கொஞ்ச நேரத்துல திட்டுத் திட்டா நிரம்பிடும், லித்தியம்-9 திட்டு கன்னங்கரேல்னு தடிச்சு கிடக்கும். லித்தியம்-11 இருக்க வேண்டிய எடம் காலியா இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு அந்தக் காலி எடத்தையே பாத்துகினு இருந்தா ஒண்ணு விழும். அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. மொதல் தடவ பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, எங்க அப்பாவுக்கு போன் போட்டு சொன்னேன், அவருக்கு புரிஞ்சுதோ இல்லையோ தறிய நிறுத்திட்டு கேட்டுகினு இருந்தார்.

டார்கெட்டுக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி இன்னொரு செட் டிடெக்டர், இன்னொரு காந்தம். முன்னாடி லித்தியம்-11, பின்னாடியும் லித்தியம்-11னா அது தப்பிச்ச கணக்கு.

சத்துவாச்சாரி:
மேல எழுதினதுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப் போச்சு. டிடெக்டரும் பொருள்தானே, பிளாஸ்டிக் சிண்டிலேட்டர், கண்ணாடி, காத்து எல்லாத்துலயும் கரு மோதும். வராம போனதெல்லாம் கார்பன்ல போச்சுன்னு எப்படி சொல்றீங்க?

குடியாத்தம் தறி:
சரியா பிடிச்சீங்க சார். அதுக்குத்தான் ரெண்டு தடவ ஓட்டணும். டார்கெட் வச்சு ஒரு தடவ, டார்கெட்ட எடுத்துட்டு ஒரு தடவ. ரெண்டு விகிதத்தையும் ஒண்ண ஒண்ணால வகுத்துட்டா டிடெக்டர்ல போன கணக்கு அடிபட்டுடும். இதுல ஒரு நுணுக்கம் இருக்குது, டார்கெட் இல்லாதப்ப கரு வேகம் கொறையாம வரும், அப்ப பின்னாடி காந்தத்துல வேற மாதிரி வளையும். அதனால காந்தத்த அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி வைக்கணும், இல்லன்னா கம்பேர் பண்றதே தப்பு.

எங்களுக்கே ஒரு தப்பு நடந்துச்சு, சொல்றேன். ஒரு ஓட்டத்துல குறுக்குவெட்டு எதிர்பாத்தத விட தாறுமாறா வந்துச்சு. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிகினு இருந்தோம். அப்பறம் கரு டார்கெட்ல எந்த எடத்துல பட்டுச்சுன்னு பிரிச்சு பாத்தா, நடுவுல பட்டதுக்கு ஒரு விகிதம், ஓரத்துல பட்டதுக்கு வேற விகிதம். ஓரத்துல வந்த கொஞ்சம் கரு டார்கெட்ட பிடிச்சுகினு இருந்த ஃப்ரேம்ல பட்டுருக்கு. அந்த ஓரத்த மொத்தமா வெட்டி எறிஞ்சப்பறம்தான் எண் நிதானத்துக்கு வந்துச்சு. அதுக்காக எங்க டேட்டால ஏழுல ஒரு பங்கு போச்சு, லித்தியம்-11 டேட்டா ஒவ்வொண்ணும் தங்கம் மாதிரி, ஆனாலும் போட்டுத்தான் ஆவணும்.

பத்தாயிரம் அனுப்பினா ஆயிரம் மோதும்னு சொன்னேன் இல்ல, அந்த ஆயிரத்துல முப்பது முன்ன பின்ன ஆவறது இயற்க. அதாவது மூணு சதவீதப் பிழை. ஒரு சதவீதத்துக்கு கொண்டு வரணும்னா ஒன்பது மடங்கு கரு வேணும். அதுக்குத்தான் இவ்ளோ ராத்திரி.

ஆரணி வாத்தியார்:
இப்பதான் இழையப் பாத்தேன், அருமையா போவுது. நான் அரசுப் பள்ளில ஒன்பது பத்து எடுக்கறேன். நியூட்ரான் இப்படி கருவுக்கு வெளிய பரவிக் கிடக்கறத ஹாலோன்னு இங்கிலீஷ்ல சொல்வாங்க, பசங்களுக்கு தமிழ்ல இன்னா சொல்றதுன்னு யோசிச்சுகினு இருந்தேன். ஒளிவட்டம்னு போட்டிருக்காங்க சில எடத்துல, சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்கறதுதான் ஞாபகம் வருது. நம்ம ஊர்ல நிலாவச் சுத்தி வட்டம் வந்தா என்ன சொல்வோம்? நிலா கோட்ட கட்டியிருக்குன்னு சொல்வோம். கிட்ட கோட்ட கட்டினா எட்ட மழை, எட்ட கோட்ட கட்டினா கிட்ட மழைன்னு எங்க ஆயா சொல்லும். பழைய தமிழ்ல ஊர்கோள்னு ஒரு வார்த்த கூட இருக்குது. நியூட்ரான் கோட்டைன்னு சொன்னா என்ன தப்பு?

பாலாத்தங்கரை:
சார் சூப்பர்! நான் செமினார்ல நியூட்ரான் கோட்டைன்னே போடப் போறேன்.

குடியாத்தம் தறி:
எனக்கும் பிடிச்சிருக்கு சார். கல்லுக் கோட்ட இல்ல, நிலாக் கோட்டன்னு மட்டும் பசங்களுக்கு சொல்லிடுங்க. ஹாலோங்கற பேரு பின்னால வந்தது, 1987ல ஹான்சனும் ஜான்சனும் எழுதின கட்டுரைல இருந்து அது நிலைச்சுது. அவங்க சொன்ன காரணமும் எளிமை. லித்தியம்-11ல கடைசி ரெண்டு நியூட்ரான பிச்செடுக்க 369 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போதும். சாதாரண கருல ஒரே ஒரு நியூட்ரான எடுக்கவே 8 மில்லியன் பக்கம் வேணும். கயிறு அவ்ளோ லூசா இருந்தா கட்டின மாடு எவ்ளோ தூரம் வேணா போயி மேயும் இல்லையா, அது மாதிரி அந்த நியூட்ரான் ரெண்டும் நடுக் கருவோட விசை எட்டற எல்லைய தாண்டி வெளிய சுத்திகினு இருக்குது.

இன்னொண்ணு. லித்தியம்-10 நிலைச்சு நிக்காது, ரெண்டு நியூட்ரான் மட்டும் சேந்தும் நிக்காது. மூணும் சேந்தாத்தான் நிக்கும். களத்துல மூணு கழிய சாய்ச்சு முக்காலி கட்டுவாங்களே, ஒண்ண உருவினா மத்த ரெண்டும் விழுந்துடும், அதே கதை.

ஆம்பூர் ரயிலடி:
இந்த முக்காலி உதாரணம் மனசுல நின்னுடுச்சு. ஒரு கேள்வி, உப்பி இருக்கறது அந்த ரெண்டு நியூட்ரான்தான், மொத்தக் கருவே உப்பலன்னு எப்படி தெரியும்?

குடியாத்தம் தறி:
ரெண்டு மூணு வழில தெரியும்ணா. ஒண்ணு, 1060ல 796 கழிச்சா 264. ரெண்டு நியூட்ரான் மட்டும் உதிர்ந்து லித்தியம்-9 முழுசா வெளிய வர்ற குறுக்குவெட்ட தனியா அளந்தாங்க, அதுவும் 200 மில்லிபார்னுக்கு மேல வந்துச்சு. அப்ப கூடுதலா மோதினதுல பெரும்பங்கு அந்த வெளி நியூட்ரானாலதான். அடுத்தது, அப்படி வெளிய வர்ற லித்தியம்-9 ஆடாம அசையாம நேரா வருது, அதோட உந்தப் பரவல் ரொம்ப ஒடுக்கம். பரந்து கிடக்கற பொருளுக்கு உந்தம் ஒடுக்கமா இருக்கும், இது ஹைசன்பர்க் விதி. அப்பறம் 2006ல லேசர் வச்சு புரோட்டான் பரவல் ஆரத்த அளந்தாங்க. லித்தியம்-9ல 2.2 ஃபெர்மி, லித்தியம்-11ல 2.5க்கு கிட்ட. கொஞ்சம் கூடுது, ஆனா மொத்தப் பொருளோட ஆரம் 3க்கு மேல போற அளவுக்கு இல்ல. புரோட்டான் எல்லாம் உள்ளதான் இருக்குது.

சத்துவாச்சாரி:
இங்கதான் எனக்கு ஆட்சேபண. குறுக்குவெட்ட அளந்தோம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆரத்த அளந்தோம்னு சொல்லாதீங்க. குறுக்குவெட்டுல இருந்து ஆரத்துக்குப் போக கிளாபர் மாடல் வேணும், அதாவது கருவோட வடிவம் இப்படின்னு வச்சுகினு மோதலக் கணக்கு போடற முறை, மாடல் மாறினா ஆரம் மாறும். லித்தியம்-11க்கு ஆரம்பத்துல 3.1 ஃபெர்மின்னாங்க. 1996ல அல்-கலீலியும் டோஸ்டெவினும் அதே டேட்டாவ எடுத்து, கருவ சராசரி மேகமா பாக்காம நடுக்கரு ஒண்ணு வெளி நியூட்ரான் ரெண்டுன்னு பிரிச்சு கணக்கு போட்டப்ப 3.5 வந்துச்சு. அளந்த எண் ஒண்ணு கூட மாறல. இதே மாதிரி உப்பின இன்னொரு கரு கார்பன்-22, அது கதை இன்னும் பெருசு, 2010ல ஜப்பான்ல ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்துல திரவ ஹைட்ரஜன் டார்கெட்ல அளந்து 5.4 ஃபெர்மின்னாங்க, பிழை 0.9. 2016ல அதே ரிக்கென்ல கார்பன் டார்கெட், அதிக எனர்ஜி, 3.44ன்னு வந்துச்சு, பிழை 0.08 மட்டும். தங்கச்சி, உன் எக்ஸாமினர் சொன்னது தப்புதான், ஆனா நீ செமினார்ல பேசசொல்ல எது அளந்தது எது கணக்குல வந்ததுன்னு பிரிச்சு சொல்லு, அப்ப யாராலயும் உன்ன மடக்க முடியாது.

குடியாத்தம் தறி:
முழுசா ஒத்துக்கறேன் சார். நான் மேல வட்டத்தோட பரப்புன்னு போட்ட கணக்கு கூட வெறும் தோராயம்தான். கெட்டியான தட்டு மாதிரி கருவ நெனச்சேன், கோட்ட அப்படி இல்ல, அங்க நியூட்ரான் இருக்கலாம் இல்லாமலும் போவலாம். கார்பன்-22ல மொத தடவ லேப்புக்கு கெடச்ச கருவே ரொம்ப கம்மி, அதான் அவ்ளோ பிழை. பிழைய ஒளிக்காம போட்டாங்க, அதனாலதான் பின்னாடி வந்தவங்களால சரி பண்ண முடிஞ்சிது. 850 தோராயம்தான், ஆனா எண்ணி அளந்த 796ம் 1060ம் எந்த ஆர மாடலையும் நம்பி இல்ல. அந்த ஒரு வாக்கியம் மாறாது.

பாலாத்தங்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. செமினார்ல ஸ்லைடுக்கு ரெண்டு கட்டம் போடறேன், இடப்பக்கம் எண்ணினது, வலப்பக்கம் மாடல் சொன்னது. அந்த வெளி நியூட்ரான் ஏன் அவ்ளோ தூரம் போவுதுன்னு கேட்டா?

குடியாத்தம் தறி:
எட்டு நியூட்ரான்னா ஓடு மூடியிருக்கணும், கடைசி ரெண்டு பி ஆர்பிட்ல இருக்கணும்னு புக்ல படிச்சிருப்ப. லித்தியம்-11ல அது கலைஞ்சு போவுது, ஏறக்குறைய பாதி நேரம் அது எஸ் ஆர்பிட்ல, அதாவது சுழற்சி உந்தம் இல்லாத நிலைல இருக்குது. எஸ்ல சுழற்சி தடுப்புச் சுவர் கிடையாது, அதனால அலை வெளிய நல்லா நீளும். பெரிலியம்-11லயும் இதே மாதிரிதான், அதுல ஒத்த நியூட்ரான் கோட்ட. ஓடு மூடற எட்டு மாதிரி மேஜிக் எண் எல்லா எடத்துலயும் மேஜிக் இல்லன்னு இந்தக் குட்டிக் கருக்கள்தான் நமக்கு காட்டிக் கொடுத்துச்சு.

ஆரணி வாத்தியார்:
நாலு நாள் ஆச்சு, திரும்ப வந்துட்டேன். இழையப் படிச்சிட்டு சனிக்கிழம பசங்கள வச்சு செஞ்சு பாத்தேன். 60 செ.மீ. சதுர மரச்சட்டம், அதுல நைலான் நூல்ல 20 அட்டை வட்டம் தொங்க விட்டோம், ஒவ்வொண்ணும் 3 செ.மீ. ஆரம். முன்னாடி பழைய வேட்டிய மறைப்பா தொங்க விட்டு, அதுக்கு மேலால, வட்டம் எங்க இருக்குன்னு தெரியாம, பசங்க கோலிய சட்டத்துக்குள்ள போட்டாங்க. கோலிக்கு ஆரம் 0.8. ஒரு பொண்ணு பின்னாடி உக்காந்து பட்டுச்சா படலையான்னு பாத்து சொன்னா, இன்னொரு பையன் எழுதினான். 400 கோலி, 96 பட்டுச்சு. கணக்கு போட்டா ஒரு வட்டத்துக்கு 43.2 சதுர செ.மீ., ஆரம் 3.71, கோலிய கழிச்சா 2.91. கண்ணால பாக்காமலே 3 செ.மீ.க்கு இவ்ளோ கிட்ட வந்துட்டோம்னு வகுப்பே கத்துச்சு.

அப்பறம் ஆரணில பட்டுத் தறி வச்சிருக்கற பையன் ஒருத்தன் வீட்ல இருந்து கழிவு நூல் கொண்டாந்திருந்தான். ஒவ்வொரு வட்டத்தச் சுத்தியும் 2 செ.மீ. நீளத்துக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமா குஞ்சம் ஒட்டினோம். நூல் அசஞ்சாலும் பட்டதா கணக்கு. திரும்ப 400 போட்டாங்க, இந்தத் தடவ 131. ஆரம் 3.53 வந்துச்சு. உண்மையில குஞ்சத்தோட நுனி 5 செ.மீ.ல இருக்குது. பின்னாடி உக்காந்து எண்ணின பொண்ணு எழுந்து, சார் குஞ்சம் நீளமா ஆனா கம்மியா இருந்தாலும் 131 வரும், குட்டையா ஆனா நெருக்கமா இருந்தாலும் 131 வரும், வெறும் எண்ணிக்கைய வச்சு எது சரின்னு எப்படி சொல்வீங்கன்னு கேட்டா.

சத்துவாச்சாரி:
சார், அந்தப் பொண்ணு கேட்டதுதான் நான் நாலு நாள் முன்னாடி கேட்டது. அவகிட்ட வேற சைஸ் கோலிய வச்சு திரும்ப போடச் சொல்லுங்க. கார்பன் டார்கெட்ல ஒரு தடவ, புரோட்டான் டார்கெட்ல ஒரு தடவ, வேற எனர்ஜில ஒரு தடவன்னு இவங்க அளக்கறது அதுக்குத்தான்.

ஆரணி வாத்தியார்:
பெரிய கோலி கடைல தேடிகினு இருக்கேன் சார். வர்ற சனிக்கிழம போட்டுட்டு எண்ண எழுதறேன்.